பன்னிரண்டாவது தட்டு

முதல் கல் தகரத்தில் விழுகிறது. டணார். இரண்டாவது கல்லுக்குச் சத்தம் வேறு. அது ஸ்டோரின் கூரை ஓடுகளை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. மூன்றாவது விழும்போது நான் எழுந்து நிற்கிறேன். மதியம் மூன்று மணி பத்து நிமிடம். செவ்வாய்க்கிழமை. கார்த்திகை மாதம். என் கையில் பழுத்த ஏலக்காய் மூன்று இருந்தன. அவற்றைக் கீழே போடத் தோன்றவில்லை. முந்தியில் முடிந்துகொண்டேன்.

"ஓடிக்கோ, ஜைபு. எல்லாரையும் கூட்டி ஓடிக்கோ."

சூப்பர்வைசர் தங்கச்சன் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி வருகிறார். ஒரு கால் செருப்பு இல்லை. பத்து வருடமாக அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ரோட்டுல போகண்டா. காட்டு வழி. வேகம்."

மேலே ரோட்டில் ஆட்களின் சத்தம். எத்தனை பேர் என்று தெரியவில்லை. மூடுபனி. சத்தம் மட்டும் கீழே இறங்கி வருகிறது. கண்ணாடி நொறுங்குகிறது. யாருடைய வண்டியோ.

என் பெயர் ஜைபுன்னிசா. ஊர் கம்பம். அப்போது நாற்பத்தாறு வயது. மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. விடிகாலை ஐந்தரைக்கு ஏறுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்குவோம். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் பெண்கள். ஏற்றிக்கொண்டு போகிறவள் நான். இறக்கிக்கொண்டு வர வேண்டியவளும் நான்தான்.

அந்தக் கார்த்திகையில் அணைத் தண்ணீரை வைத்து இரண்டு பக்கமும் பேச்சு முற்றியிருந்தது. மேலே எங்கள் ஆட்களை அடித்தார்கள். கீழே எங்கள் ஊரில் அவர்களுடைய கடையை உடைத்தார்கள். பேக்கரி வைத்திருந்த மனிதர் ஒருவர் கைலியோடு ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் இது சாட்சி இல்லை, வக்காலத்து.

இதை யாரும் போர் என்று எழுதவில்லை. கலவரம் என்றுகூட எழுதவில்லை. பதற்றம் என்று எழுதினார்கள். பதற்றமாம். தலைக்கு மேலே கல் பறக்கும்போது அதற்கு என்ன பெயர் வைத்தால் எனக்கென்ன?

அன்றைக்குப் போயிருக்கவே கூடாது. போகலாம் என்று சொன்னது நான். "நேத்துப் போனோம், ஒண்ணும் ஆகல. இன்னைக்கு மட்டும் என்ன ஆயிரப் போகுது?" என்றேன். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. என் வாய் அப்படி. கம்பத்தில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஓடுகிறோம்.

சாப்பாட்டு இடத்தில் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருத்தியும் தன்னுடையதை எடுத்தாள். உயிர் போகிற நேரத்திலும் எடுத்தாள். எங்கள் ஊர்ப் பெண்ணிடம் தூக்கை விட்டுவிட்டு ஓடு என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

மலையில் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். பக்கத்துச் செடியில் குனிந்திருப்பவள் தெரிய மாட்டாள். தலை எண்ண முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரே நேரத்தில் நாலு பேர் பதில் கொடுப்பார்கள். அதனால் நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். நான் என் தூக்கின் மூடியால் அதன் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவேன். டிங். அடுத்தவள் தட்டுவாள். அவளுக்கு அடுத்தவள். பன்னிரண்டு தட்டு காதில் விழுந்தால் எல்லோரும் இருக்கிறோம். ஜீப் கிளம்பலாம். ஐந்து வருடம் இப்படித்தான் எண்ணினேன். ஒருநாளும் தப்பியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

பன்னிரண்டாவது தட்டு முருகாயியுடையது. எப்போதும் அவள்தான் கடைசி.

முருகாயி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். முப்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. பாண்டியம்மாள் என்று ஒரு மகள், பத்தாம் வகுப்பு. முருகாயி அதிகம் பேச மாட்டாள். காலையில் ஜீப்பில் கடைசியாக ஏறி, பின்பக்கத் தகரத்தை ஒட்டி, குளிர்காற்று அடிக்கிற இடத்தில் உட்காருவாள். முந்தியில் எப்போதும் கல்லுப்பு முடிந்திருக்கும். யாருக்காவது காலில் அட்டை ஏறினால் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து உப்பை வைத்து எடுத்துப் போட்டுவிட்டுத் தன் செடிக்குப் போய்விடுவாள். சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, பத்து நிமிடம் கழித்துத்தான் வருவாள்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் அவளை அடிக்கடி திட்டுவேன்.

"ஏ புள்ள முருகாயி, ஒனக்கு மட்டும் தனியா ஜீப்பு வருமா? மகாராணி வர்ற வரைக்கும் நாங்க இங்கன கெடக்கணுமோ?"

அவள் சிரிப்பாள். "வந்துட்டேங்க்கா" என்பாள். அவ்வளவுதான். ஏன் தாமதம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. திட்டுகிறவளுக்குக் கேட்க எங்கே நேரம்?

மூன்று முப்பத்தைந்து. தோட்டத்து எல்லை வேலி. ஜீப் டிரைவர் போனில் சொல்கிறார். முன் கண்ணாடி போய்விட்டதாம். வண்டி வராதாம். போன் கட்டாகிறது. பிறகு சிக்னல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் காடு. காட்டுக்குள் பழைய நடைப்பாதை ஒன்று உண்டு. ரோடு வருவதற்கு முன்னால் தலைச்சுமையோடு ஆட்கள் ஏறிய பாதை. அதில் இறங்கினால் கீழே திராட்சைத் தோட்டங்கள். நம் ஊர்.

தட்டச் சொன்னேன். டிங். டிங். டிங். விரலை மடக்கி எண்ணினேன். பன்னிரண்டு. இது உண்மையான பன்னிரண்டு. இதை மட்டும் என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும்.

அங்கேதான் எனக்கு மூச்சு இறுகியது.

தோட்டத்தில் மருந்து அடிக்கிற காற்றைச் சுவாசித்துச் சுவாசித்து எனக்கு இளைப்பு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். நாங்கள் அதைப் பஃப் என்போம். இடுப்புப் பையில் கை விடுகிறேன். இல்லை. சாப்பாட்டு இடத்துக் கல்மேல் வைத்தது ஞாபகம் வந்தது. சாப்பிட்டதும் உறிஞ்சினேன். வைத்தேன். கல் விழுந்தது. ஓடி வந்துவிட்டேன்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை. சத்தமாகச் சொன்னேன். "போச்சுடி. என் பஃப்ப கல்லு மேலயே விட்டுட்டு வந்துட்டேன்." நெஞ்சுக்குள் விசில் அடித்தது. பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டிருக்கும். "போனாப் போகுது. நடங்க. யாரும் பேசக் கூடாது."

நடந்தோம். வரிசையாக. நான் முன்னால். எனக்கு அடுத்துப் பத்துப் பேர். வரிசையின் கடைசியில் முருகாயி. அவளுக்கு முன்னால் செல்வி. செல்வி இருபத்திரண்டு வயதுப் பெண். கல்யாணமாகி வந்து நாலு மாதம். தோட்ட வேலைக்குப் புதிது.

திரும்பிப் பார்த்தால் மூன்றாவது ஆள் வரைதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெள்ளை.

நாலு இருபது. பாறைத் திருப்பம். பாதை அங்கே ஒரு முழ அகலம்தான். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. கீழே ஓடைச் சத்தம் மட்டும். பாறையைப் பிடித்துப் பிடித்துக் கடந்தோம். ஈரம். பாசி. கடந்ததும் தட்டச் சொன்னேன்.

பன்னிரண்டு.

பதினொன்றாவது தட்டும் பன்னிரண்டாவது தட்டும் ஒரே தூரத்திலிருந்து வந்தன. அன்றைக்கே அது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. எனக்கு மூச்சுதான் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் கயிறு போட்டு இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தேன். யா அல்லா, கீழே கொண்டுபோய்ச் சேர், கீழே கொண்டுபோய்ச் சேர். வேறு துஆ எதுவும் வாயில் வரவில்லை.

ஐந்து பதினைந்து. ஓடை. தண்ணீர் குடித்தோம். தட்டச் சொன்னேன். பன்னிரண்டு. "சரி, நடங்க."

கீழே வரவர மூடுபனி விலகியது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு பேர் உட்கார்ந்து அழுதார்கள். இரண்டு பேரும் இந்துப் பெண்கள். ஊர்ச் சத்தம் அல்லவா. நான் அவர்களைத் திட்டி எழுப்பினேன்.

ஆறு பதினைந்து. திராட்சைத் தோட்டத்துப் பம்புசெட் ரூம். வெளியே ஒரு குண்டு பல்பு எரிந்தது. தோட்டக்காரர் டீ போட்டு வைத்திருந்தார். எங்களுக்கு முன்னாலேயே வேறு ஆட்கள் இறங்கியிருந்தார்கள். பல்புக்குக் கீழே எல்லோரையும் நிறுத்தினேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக முகத்தைப் பார்த்து எண்ணினேன்.

பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்று. என்னை விட்டுவிட்டேனோ என்று நெஞ்சில் கை வைத்து எண்ணினேன். பதினொன்று.

செல்வியின் இரண்டு கையிலும் தூக்கு இருந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். மு. முருகாயி என்று புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்தது.

"முருகாயி எங்கடி?"

செல்வி திரும்பி மலையைப் பார்த்தாள்.

"எங்கடின்னு கேக்குறேன்ல?"

"ஒங்க பஃப்ப எடுக்கப் போனாகக்கா. வேலிகிட்ட நீங்க சொன்னீகல்ல. அப்பவே. 'அக்காவுக்கு மூச்சு வாங்குது, அது இல்லாட்டி தாங்க மாட்டாக'ன்னு சொன்னாக. தூக்க எங்கிட்டக் குடுத்துட்டு, 'பாறைக்கு முன்னாடி வந்து சேந்துருவேன்'னு திரும்பிட்டாக."

"நான் தட்டச் சொன்னேனேடி."

"நான்தாங்க்கா தட்டுனேன். அவுகளுக்கும் சேத்து. சில நாளு அவுக ரொம்பப் பிந்துனா நாங்க யாராச்சும் ஒருத்தி சேத்துத் தட்டிருவோம். நீங்க வைவீகன்னு. ஜீப்பு கெளம்புறதுக்குள்ள வந்துருவாக. ஒருநாளும் வராம இருந்ததில்லக்கா."

மற்றவர்களைப் பார்த்தேன். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஐந்து வருடமாக நான் எண்ணிய எண்ணிக்கையில் எத்தனை நாள் பொய் இருந்ததோ. என் வாய்க்குப் பயந்து. அவள் திட்டு வாங்கக் கூடாது என்று. அவள் எல்லோருக்கும் நல்லது செய்தாள். அவளுக்கு அவர்கள் செய்ய முடிந்த ஒரே நல்லது அந்த ஒரு தட்டு.

நான் செல்வியை அறைந்தேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அறைக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் அழுவாள். அதற்காகவே கேட்காமல் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. எனக்குத் தைரியம் இல்லை.

மறுபடியும் பாதையில் ஏறப் போனேன். இருபது அடி ஏறியிருப்பேன். மூச்சு நின்றுவிட்டது. தோட்டக்காரரும் இன்னொருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் அங்கே கிடந்தேன். அவள் மேலே இருந்தாள். நான் கட்டிலில் படுத்து மருந்துக் காற்று குடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை. காலை ஆறு மணி. மலையடிவாரச் செக்போஸ்ட். ரோட்டை மறித்து இரும்புத் தடுப்பு. அந்தப் பக்கமும் போலீஸ். இந்தப் பக்கமும் போலீஸ்.

"ஒரு பொம்பள மேல மாட்டிக்கிட்டா சார். எங்க ஆளு. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"பேர எழுதிக் குடுங்கம்மா. மேல சொல்லியிருக்கோம். யாரையும் விட ஆர்டர் இல்ல."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிய போலீஸ்காரர் நல்ல மனிதர். கண்ணில் தூக்கமே இல்லை. அவர் மேசையில் அதேபோல நிறையக் காகிதம் இருந்தது. என்னுடையதை அதன்மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லை எடுத்து வைத்தார். அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடைப்பாதையையும் மறித்துவிட்டார்கள். வனத்துறை ஆட்கள் நின்றார்கள். நாலு ஆண்கள் போய்ப் பார்க்கிறோம் என்றார்கள். விடவில்லை. யாரைப் போய் நான் குறை சொல்ல? போனால் அவர்களும் திரும்ப மாட்டார்கள் என்று பயந்தார்கள்.

தங்கச்சனுக்குப் போன் போட்டேன். முப்பது தடவைக்கு மேல். பத்தேகாலுக்கு எடுத்தார். மெதுவான குரல். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று புரிந்தது.

"முருகாயி அங்கன வந்தாளா?"

"வந்நு. நேத்து நாலு மணிக்கு. கல்லுமேல எதோ எடுத்தா. நான் நில்லு, என் வீட்டுல இரு, காலம்பற அனுப்பறேன்னு பறஞ்ஞு. கேட்டில்லா. அக்காவுக்கு சுவாசம் முட்டுன்னு சொல்லிட்டு ஓடிப்போயி."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஜைபு, அவ அங்கே எத்தியில்லே?"

வந்து சேரவில்லை என்றேன். "ஞான் நோக்காம்" என்றார். நான் பார்க்கிறேன் என்று அர்த்தம். போன் கட்டாகிவிட்டது.

பாண்டியம்மாள் பள்ளிக்கூடத்துச் சீருடையோடு என்னிடம் வந்தாள். அவளிடம் சொல்வதற்கு என்று நான் ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "பெரியம்மா, அம்மா சாப்ட்ருக்குமா?" தூக்கு என் கையில் இருந்தது. திறந்து பார்த்திருந்தேன். கீழே கால்வாசி எலுமிச்சைச் சோறு இருந்தது. முருகாயி தினமும் கால்வாசி மிச்சம் வைப்பாள். யாராவது ஒருத்தி அரைகுறையாகச் சாப்பாடு கொண்டுவந்திருப்பாள். அவளுக்கு அது போகும். அன்றைக்குக் கொடுக்க நேரம் இல்லை. "சாப்ட்ருப்பா" என்றேன்.

வியாழக்கிழமை முழுக்க நானும் பாண்டியம்மாளும் பாதை தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். தூக்கை மடியில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியால் தட்டினேன். டிங். காட்டுக்குள் கேட்கட்டும் என்று. கேட்டால் அவள் வழி பிடித்து வந்துவிடுவாள் என்று. வனத்துறை ஆள் ஒருவர், "அம்மா, போதும்மா" என்றார். நான் நிறுத்தவில்லை. பிறகு அவரே தள்ளிப்போய்த் திரும்பி நின்றுகொண்டார். ஐந்து வருடம் தட்டியது எதுவும் தட்டே இல்லை. அன்றைக்குத் தட்டியதுதான் தட்டு. அதற்குப் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. காலை எட்டு நாற்பது. போன்.

"ஜைபு. கிட்டி."

கிடைத்துவிட்டாள் என்கிறார். உயிரோடு என்றால் அவர் குரல் அப்படி இருக்காது. எனக்கு மலையாளம் தெரியும். குரலும் தெரியும்.

பாறைத் திருப்பத்துக்குக் கீழே. ஓடையில். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் பதினொரு பேர் கீழே ஓடையில் தண்ணீர் குடித்தோமே, அதே ஓடை. அதே தண்ணீர். அவள் அப்போது மேலே ஓடி வந்துகொண்டிருந்தாளா, விழுந்து கிடந்தாளா, தெரியாது. நான் ஒரு கூப்பாடு போட்டிருந்தால் கேட்டிருக்குமா, தெரியாது. யாரும் பேசக் கூடாது என்று சொன்னது நான்.

ரோடு வழியாக அவளைக் கொண்டுவர விடவில்லை. தங்கச்சனும் அவர் தம்பியும் கம்பளியில் வைத்து, இரண்டு மூங்கிலில் கட்டி, நடைப்பாதையில் எல்லைக்கல் வரைக்கும் சுமந்து வந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து நாலு பேரை மட்டும் விட்டார்கள். நான் ஐந்தாவது ஆளாக ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன்.

தங்கச்சனின் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"யாரு அடிச்சது?"

"வீணதா" என்றார். விழுந்துவிட்டாராம்.

எங்களுக்காக ஸ்டோர் வாசலில் நின்று தடுத்ததற்கு அவருடைய ஊர்க்காரர்களே கொடுத்தது அது. பிறகு தெரிந்தது. அவர் கடைசிவரை விழுந்ததாகத்தான் சொன்னார்.

முருகாயியின் முந்தியில் இரண்டு முடிச்சு இருந்தன. ஒன்றில் உப்பு. தண்ணீரில் கரைந்து போயிருந்தது. இன்னொன்று இறுக்கமாக, இரண்டு தடவை முடிந்திருந்தது. தங்கச்சன் அதைத் தொடவில்லை. நான்தான் அவிழ்த்தேன். என் பஃப். பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தாள். நனையவில்லை.

அவளைப் பார்த்து நான் அழ வேண்டும். அழ முடியவில்லை. மூச்சு அடைத்துவிட்டது. ஏற்றம் வேறு. நெஞ்சு பூட்டிக்கொண்டது. கண் இருட்டியது. தங்கச்சன், "எடுத்து வலிச்சோ, ஜைபு" என்கிறார். உறிஞ்சிக்கொள் என்கிறார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறேன். கால் மடங்குகிறது. அவர் என் கையைப் பிடித்து அதை வாயில் வைக்கிறார்.

உறிஞ்சினேன். அவள் முன்னாலேயே. வேறு வழி இல்லை. மூச்சு வந்தது.

ஏழாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் அவள் வீட்டில் கூடினோம். அங்கேதான் செல்வி சொன்னாள். முருகாயி ஏன் எப்போதும் கடைசி என்று.

சாயங்காலம் எல்லோரும் ஜீப்புக்கு ஓடிய பிறகு, அவள் ஒவ்வொரு செடி வரிசையாக நடந்து பார்ப்பாளாம். யார் எதை மறந்துவிட்டுப் போனார்கள் என்று. கத்தி. குடை. ஒருத்தியின் மெட்டி. ஒருத்தியின் கண் மருந்து. எடுத்துவந்து, ஜீப்பில் ஏறும்போது அவரவர் பைக்குள் சத்தமில்லாமல் போட்டுவிடுவாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். சொன்னால் நான் மறந்தவளைத் திட்டுவேன் அல்லவா. அதனால்.

"எனக்கு ஒருக்கா தாலிக்கயிறு அந்து விழுந்துருச்சுக்கா" என்றாள் ஒருத்தி. "எங்க மாமியாளுக்கு இன்னமும் தெரியாது."

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அங்கேயும் சொன்னேன். "நான் பஃப்ப மறந்தது அன்னைக்கு ஒருநாள்தான். அந்த ஒருநாள்தானா இப்பிடி ஆகணும்?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லக்கா" என்றாள். "நான் வந்த நாலு மாசத்துல, எனக்குத் தெரிஞ்சே ஆறேழு தடவ, அவுக ஒங்க பையில அதப் போட்டாக."

நான் அவளைத் திட்டிய பத்து நிமிடங்களில் எத்தனை எனக்காக நடந்தவை என்று இனிமேல் தெரிய வழி இல்லை.

ஐந்து வாரம் கழித்து ரோடு திறந்தது. ஜீப்புகள் மறுபடி ஓடின. பேக்கரிக்காரர் மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். தண்ணீர் எப்போதும்போல வந்தது. நான் இப்போது ஆள் சேர்ப்பதில்லை. மலைக்கும் போவதில்லை. பாண்டியம்மாள் கல்யாணமாகி வீரபாண்டியில் இருக்கிறாள். நோன்புப் பெருநாளைக்குப் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வருவாள். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. பேசினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். அவள் அம்மாவைப் போலவே இருக்கிறாள்.

மூச்சு மட்டும் இன்னும் வாங்குகிறது. பஃப்பை இப்போதும் மறந்துவிடுகிறேன். கடையில் வைத்துவிடுகிறேன். பஸ்ஸில் வைத்துவிடுகிறேன். அது என் பைக்குத் தானாகத் திரும்பி வருவதில்லை.

நீங்கள் கேட்டதால் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். போனவை: ஜீப்பின் முன் கண்ணாடி ஒன்று. செருப்பு ஏழு ஜோடி, தங்கச்சனுடையது ஒற்றைச் செருப்பு. அவருடைய இடது கண்ணில் பாதிப் பார்வை. பேக்கரி ஒன்று. ஐந்து வாரத்து வேலை. செல்விக்கு என்னிடம் இருந்த பிரியம். என் முந்தியில் இருந்த ஏலக்காய் மூன்றும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

மேலே போனவர்கள் பன்னிரண்டு பேர். பாறையில் பன்னிரண்டு தட்டு. ஓடையில் பன்னிரண்டு தட்டு. கீழே வந்த தூக்குவாளி பன்னிரண்டு.

வந்து சேர்ந்தவர்கள் பதினொரு பேர்.